விலை வந்துவிடும், எந்த விலை?

கணக்கு எழுதிப் பிழைக்கிறவனிடம் முன்பெல்லாம் மஞ்சப்பை நிறைய ரசீதுக் கட்டோடு வருவார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். "சார், இந்த ஆப்புல லாபம்னு காட்டுது, கையில பார்த்தா அவ்வளவு இல்லையே" என்பார் ஒருவர். "எங்க வீட்ல மூணு பேர் பேர்ல மூணு எடத்துல டீமேட் இருக்கு. எல்லாத்தையும் ஒரே எக்செல்ல போட்டு, விலை மட்டும் தானா வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க" என்பார் இன்னொருவர். இந்தியாவில் டீமேட் கணக்குகள் 2025-ல் 20 கோடியைத் தாண்டிவிட்டன. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கமும் அதில் நல்ல பங்கு இருக்கும் என்பது என் மேசைக்கு வரும் போன்களை வைத்து நான் போடும் கணக்கு.

இரண்டாவது ஆள் கேட்டதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆப்பே விலையைக் காட்டும்போது தனியாக ஷீட் எதற்கு என்று கேட்கலாம். ஒரு ஆப்புக்கு இன்னொரு ஆப்பில் இருப்பது தெரியாது. அம்மா பெயரில் இருக்கும் பழைய பங்கு தெரியாது. போன வருஷம் வந்த டிவிடெண்ட், அடகுக்கடையில் இருக்கும் நகை, சீட்டுப் பணம், மக்காச்சோளம் போட்ட நிலத்துக்கு ஆன செலவு, இதெல்லாம் எந்த ஆப்புக்கும் தெரியாது. நம் ஊரில் ஒரு குடும்பத்தின் கணக்கு என்றால் இத்தனையும் சேர்ந்ததுதான். அதற்கு ஷீட்தான் சரி.

முதலில் சுலபமான வழி. கூகுள் ஷீட்ஸில் ஒரு புதுத் தாளைத் திறந்து, ஒரு செல்லில் =கூகுள்ஃபைனான்ஸ்("என்எஸ்இ:ஐடிசி") என்று அடியுங்கள். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஃபார்முலாவையும் குறியீட்டையும் ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும். என்டர் தட்டினால் விலை வந்து உட்காரும். தேசியப் பங்குச் சந்தைக்கு என்எஸ்இ, மும்பை பங்குச் சந்தைக்கு பிஓஎம் என்று முன்னால் போட வேண்டும். மும்பைச் சந்தையில் எழுத்துக்குப் பதில் ஆறு இலக்க எண். ரிலையன்ஸுக்கு 500325, ஐடிசிக்கு 500875.

குறியீட்டை உத்தேசமாக அடித்தால் வராது. இதை எங்கள் மாமா விஷயத்தில் பார்த்தேன். அக்கா வீட்டுக்காரர், கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு போடுகிறவர். எங்கள் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, கச்சிராயபாளையத்தில் இன்னொன்று. கரும்பு வெட்டி அனுப்பியே வயசான மனுஷனுக்கு 'சர்க்கரைத் தொழில் நமக்குத் தெரியாததா' என்ற நினைப்பு இருக்கும் இல்லையா? கூட்டுறவு ஆலைக்குச் சந்தையில் பங்கு கிடையாது என்பதால், பட்டியலில் உள்ள தமிழ்நாட்டு சர்க்கரைக் கம்பெனிகளாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தார். பெயரைப் பார்த்து அவரே குறியீடு அடித்துப் பார்த்திருக்கிறார். ஒன்றைத் தவிர எதுவும் வரவில்லை.

காரணம் எழுத்துதான். சக்தி சுகர்ஸ் கம்பெனியின் பெயரில் 'டி'க்குப் பின்னால் 'ஹெச்' இருக்கும். சந்தைக் குறியீட்டில் அந்த 'ஹெச்' 'கே'க்குப் பின்னால் போய்விட்டது: எஸ், ஏ, கே, ஹெச், டி, ஐ, பிறகு எஸ், யூ, ஜி. பண்ணாரி அம்மன் சுகர்ஸின் பெயரில் இரண்டு 'என்', குறியீட்டில் ஒன்றுதான். ஈரோடு பொன்னி சுகர்ஸுக்குப் பொன்னியும் ஈரோடும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக வரும். நெல்லிக்குப்பத்தில் ஆலை வைத்திருக்கும் ஈஐடி பாரி மட்டும் எழுதுகிறபடியே வந்துவிடும். ஆகவே யாரும் குறியீட்டை யோசித்து அடிக்காதீர்கள். கூகுளில் கம்பெனி பெயரோடு 'ஷேர் பிரைஸ்' என்று தேடினால் விலைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் குறியீடு இருக்கும். அதை அப்படியே காப்பி அடித்து ஒரு பத்தியில் வரிசையாகப் போட்டுவிட்டு, பக்கத்துப் பத்தியில் ஃபார்முலாவை அந்தச் செல்லைக் காட்டி எழுதி, கீழே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

அந்த ஃபார்முலாவுக்குள் இரண்டாவதாக ஒரு சொல் சேர்க்கலாம். 'ஹை52' என்றால் கடந்த 52 வாரத்தில் தொட்ட உச்சம், 'லோ52' என்றால் அடிமட்டம், 'குளோஸ்யெஸ்ட்' என்றால் நேற்றைய முடிவு விலை, 'டேட்டாடிலே' என்றால் இந்த விலை எத்தனை நிமிஷம் பழசு என்பது. இந்தக் கடைசியை யாரும் போடுவதில்லை, ஆனால் எல்லோரும் போட வேண்டும். கூகுளே 20 நிமிஷம் வரை தாமதமாகலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது.

"அப்ப இதை வெச்சு வாங்க விக்க முடியாதா?" என்றார் மாமா.

"முடியாது மாமா. இது கணக்குப் பார்க்க. வாங்க விக்க உங்க ஆப்பையே பாருங்க."

"நிமிஷத்துக்கு நிமிஷம் மாத்துற மாதிரி வைக்கலாம்னு யூடியூப்ல சொன்னானே?"

வைக்கலாம்தான். பைல் மெனுவில் செட்டிங்ஸ் போய், கேல்குலேஷன் என்ற பக்கத்தில் 'ஒவ்வொரு நிமிஷமும்' என்று மாற்றலாம். பழைய விலையை நிமிஷத்துக்கு ஒருமுறை புதுசாகக் காட்டும், அவ்வளவுதான். மூன்று வருஷம் வைத்திருக்கப் போகிற பங்குக்கு இது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாமா ஷீட்டில் நான் அதை மாற்றித் தரவில்லை.

செட்டிங்ஸ் வரை போனவர்கள் அதே இடத்தில் 'லொகேல்' என்பதை இந்தியா என்று மாற்றிவிட்டு வாருங்கள். அது அமெரிக்கா என்று இருந்தால் 05/08/2024 என்று நீங்கள் அடிக்கிற ஆகஸ்ட் 5, ஷீட்டுக்கு மே 8 ஆகிவிடும். 25/08 என்று அடித்தாலோ அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாகச் செல்லின் இடது ஓரத்தில் நிற்கும். பாதி தேதி இடது பக்கம், பாதி வலது பக்கம் நிற்கிற ஷீட்டைப் பார்த்தாலே போதும், நோய் இதுதான்.

பழைய விலை வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் விஷயம் கொஞ்சம் ஆழமாகப் போகிறது. அதே ஃபார்முலாவில் குறியீடு, பிறகு 'குளோஸ்', பிறகு தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று கொடுத்தால் இரண்டு பத்தியில் தேதியும் விலையுமாக ஒரு பட்டியல் இறங்கும். மேலே தலைப்பு வரியும் சேர்ந்தே வரும். ஒரே ஒரு நாளின் விலை மட்டும் போதும் என்றால் முழு ஃபார்முலாவையும் 'இண்டெக்ஸ்' என்ற ஃபார்முலாவுக்குள் வைத்து, கடைசியில் 2, 2 என்று போடுங்கள். இரண்டாவது வரி, இரண்டாவது பத்தி. விலை மட்டும் வரும்.

இறங்கின பட்டியலில் தேதிச் செல்லைத் தட்டிப் பாருங்கள். தேதியோடு 15:30:00 என்று நேரமும் ஒட்டியிருக்கும். சந்தை மூடும் நேரம். கண்ணுக்குத் தேதி மட்டும் தெரிவதால், உங்கள் டிவிடெண்ட் பட்டியலில் உள்ள தேதியோடு இதை 'வீலுக்கப்' போட்டுப் பொருத்தினால் ஒன்றுமே பொருந்தாது. ஷீட்டின் கணக்கில் ஒரு நாள் என்பது முழு எண், மாலை 3.30 என்பது அதன் மேல் ஒட்டிய பின்னம். 'இண்ட்' போட்டு பின்னத்தை வெட்டிவிட்டால் பொருந்திவிடும். இந்த ஒரு இடத்தில் பொழுதைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

அடுத்தது லீவு. ஞாயிற்றுக்கிழமை தேதியைக் கொடுத்தால் பெரும்பாலும் பிழை வரும், அது தெரிந்ததே. சனிக்கிழமை என்றால் லீவு என்று நினைத்து ஃபார்முலா எழுதியவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 வேறு பாடம். அன்று சனிக்கிழமை, ஆனால் பட்ஜெட் நாள் என்பதால் சந்தை திறந்திருந்தது. தீபாவளி முகூர்த்த வியாபாரம் லீவு நாளில் ஒரு மணி நேரம் நடக்கும். வழக்கமாகச் சாயங்காலம் நடப்பதை 2025-ல் மதியத்துக்கு மாற்றினார்கள். நாளை எண்ணி எழுதும் ஃபார்முலா எல்லாம் இங்கே தடுமாறும். கேட்கிற தேதிக்குப் பத்து நாள் முன்னாலிருந்து பட்டியலைக் கேட்டு, அதில் கடைசி வரியை எடுத்துக்கொள்வதுதான் பத்திரம்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாமா ஒருநாள் சாயங்காலம் போனை எடுத்து வந்து, "ஆப்புல ஒரு விலை, உன் ஷீட்ல ஒரு விலை. ரெண்டுல எதுய்யா நெசம்?" என்றார். இரண்டும் நிஜம்தான். ஆப் காட்டியது அன்று கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலை. ஷீட்டில் வந்தது முடிவு விலை. நம் சந்தைகளில் முடிவு விலை என்பதை நெடுங்காலமாகக் கணக்கிட்டு வந்த முறை, மதியம் 3 மணியிலிருந்து 3.30 வரை நடந்த எல்லா வியாபாரத்தையும், எத்தனை பங்கு என்பதையும் சேர்த்துப் பார்த்து எடுக்கும் சராசரி. கடைசி நொடியில் யாரோ ஒருவர் ஐந்து பங்கைக் கண்ட விலைக்கு வாங்கிவிட்டுப் போனால் அது ஆப்பில் தெரியும், முடிவு விலையை அசைக்காது. கணக்குக்கு முடிவு விலையைத்தான் எடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம் போனஸும் ஸ்ப்ளிட்டும். 2024 அக்டோபர் 28-ல் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. 2,600 சொச்சத்தில் இருந்த விலை அன்று காலை 1,300 சொச்சத்தில் திறந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, 10 பங்கு வைத்திருந்தவரிடம் 20 ஆனது. ஆனால் ஷீட்டில் எண்ணிக்கைப் பத்தியில் நீங்கள் கையால் அடித்து வைத்த 10 அப்படியேதான் இருக்கும். விலை மட்டும் தானாக இறங்கிவிடும். பாதிச் சொத்து போய்விட்டதாக ஷீட் சிவப்பில் காட்டும். தானாக வருகிற பத்திக்குப் பக்கத்தில் கையால் அடிக்கிற பத்தி இருந்தால், கையால் அடிக்கிறதுதான் முதலில் பழசாகும்.

இதில் வருமான வரிக்காரர்களுக்கு இன்னொரு சுழல். 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்கை இப்போது விற்றால், அந்த ஜனவரி 31 அன்று சந்தையில் அந்தப் பங்கு தொட்ட உச்ச விலையை வைத்து அடக்கவிலையைக் கூட்டிக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேல் உள்ள நீண்டகால லாபத்துக்குத்தான் வரி. அதிலும் வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை விலக்கு, மிச்சத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். 'அந்த ஒரு நாள் உச்ச விலைதானே, கூகுள்ஃபைனான்ஸில் ஹை என்று போட்டு எடுத்துவிடலாமே' என்று தோன்றும். எடுக்காதீர்கள். பின்னால் வந்த ஸ்ப்ளிட், போனஸை எல்லாம் கழித்து, பழைய விலையையும் கூகுள் பெரும்பாலும் சுருக்கித்தான் காட்டும். வரைபடம் பார்க்க அது நல்லது, வரிக்கு ஆகாது. அந்த ஜனவரி 31-க்குப் பிறகு போனஸாக வந்த பங்குக்கு அடக்கவிலை பூஜ்யம், பழைய பங்குக்கு அன்றைய உச்ச விலை முழுசாக. சுருங்கின விலையைப் போட்டால் கட்ட வேண்டாத வரியையும் கட்டுவீர்கள்.

சுருங்காத விலை 'பாவ்காப்பி'யில் இருக்கும். பாவ் என்றால் வடக்கே விலை. அன்றன்று நடந்த வியாபாரம் முழுவதையும் ஒரே கோப்பாகச் சந்தை தன் தளத்தில் போடும். எக்செல்லில் நேராகத் திறக்கும். பழைய தேதிக்கும் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: தேசியப் பங்குச் சந்தை 2024 ஜூலை 8 முதல் இந்தக் கோப்பின் அமைப்பையே மாற்றிவிட்டது. பத்திகளின் பெயர், வரிசை எல்லாம் வேறு. பழைய அமைப்பை வைத்து எழுதின மேக்ரோ புதுக் கோப்பில் ஓடாது.

மியூச்சுவல் ஃபண்டுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. நாளுக்கு ஒரே விலைதான். ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தினமும் எல்லாத் திட்டங்களின் என்ஏவியையும் ஒரே எழுத்துக் கோப்பாகப் போடுகிறது. பத்திகளுக்கு நடுவே கமா கிடையாது, அரைப்புள்ளி. கோப்பு பெரியது என்பதால் கூகுள் ஷீட்டுக்குள் நேராக இழுத்தால் திணறும். எக்செல்லில் 'டேட்டா' மெனுவில் 'கெட் டேட்டா', அதில் 'ஃப்ரம் வெப்' வழியாக எடுத்து, அரைப்புள்ளியில் பிரிக்கச் சொல்லி, உங்கள் திட்டத்தின் எண்ணை மட்டும் வடிகட்டுங்கள். திட்டத்தின் பெயரை வைத்து வடிகட்ட வேண்டாம். குரோத், ஐடிசிடபிள்யூ, டைரக்ட், ரெகுலர் என்று ஒரே பெயருக்கு நாலு வால் இருக்கும்.

எக்செல்லில் பங்கு விலைக்கும் வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டுகிறவர்களுக்கு 'ஸ்டாக்ஸ்' என்ற டேட்டா வகையும் 'ஸ்டாக்ஹிஸ்டரி' ஃபார்முலாவும் கிடைக்கும். கள்ளக்குறிச்சியில் நான் உட்கார்ந்து வேலை பார்த்த ஆபீஸ்களில் முக்கால்வாசி இன்னும் பழைய எக்செல்தான். அதனால் இதில் அதிகம் எழுதவில்லை.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். எக்செல் 2003-ல் எம்எஸ்என் மணி சென்ட்ரலிலிருந்து பங்கு விலை இழுக்கும் வசதி கூடவே வந்தது. பிறகு உலகம் முழுக்க யாஹூ ஃபைனான்ஸின் இலவச இணைப்பை நம்பி ஷீட் கட்டினார்கள். 2017-ல் யாஹூ அதை மூடியது. கூகுள்கூட தன் ஃபைனான்ஸ் ஏபிஐயை 2012-ல் மூடிவிட்டது. ஷீட்ஸுக்குள் இருக்கும் ஃபார்முலா மட்டும் தப்பிப் பிழைத்து நிற்கிறது. இலவசமாக வருவது என்றைக்கு வேண்டுமானாலும் நிற்கும். அதனால் மாதக் கடைசியிலும் மார்ச் 31 அன்றும் விலைப் பத்தியைக் காப்பி செய்து, பக்கத்துப் பத்தியில் 'பேஸ்ட் வேல்யூஸ் ஒன்லி' போட்டு உறைய வைத்துவிடுவேன். ஃபார்முலா போனாலும் எண் தங்கும்.

பங்குக்கு இவ்வளவு வசதி இருக்கிறது. நம் நிலத்தில் விளைகிறதற்கு?

இதை முதலில் கேட்டவரும் மாமாதான். "ஊர் பேர் தெரியாத கம்பெனி விலையெல்லாம் வருது. மார்க்கெட் கமிட்டி விலை வராதா?" ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று போர்டில் எழுதியிருப்பதை எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, மார்க்கெட் கமிட்டிதான். மக்காச்சோளம், மணிலா (வேர்க்கடலை), எள், உளுந்து, நெல் என்று சீசனுக்குச் சீசன் மூட்டைகள் வந்து இறங்கும். ஏலத்தில் விலை நிற்கும்.

விலை இணையத்தில் வரத்தான் செய்கிறது. மத்திய அரசின் அக்மார்க்நெட் 2000-லிருந்து சந்தை விலைகளைத் தொகுக்கிறது. இ-நாம் 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கியது. அரசின் திறந்த தரவுத் தளத்தில் அன்றன்றைய சந்தை விலைப் பட்டியலை ஏபிஐ வழியாகவும் எடுக்கலாம். பதிவு செய்தால் ஒரு சாவி தருவார்கள். அந்த முகவரியைக் கூகுள் ஷீட்டின் 'இம்போர்ட்டேட்டா' ஃபார்முலாவில் கொடுத்தால் மாநிலம், மாவட்டம், சந்தை, பொருள், ரகம், தேதி, குறைந்த விலை, அதிக விலை, மோடல் விலை என்று இறங்கும். இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற அட்டவணையை 'இம்போர்ட்ஹெச்டிஎம்எல்' போட்டு இழுக்கப் பார்க்காதீர்கள். நிறையப் பக்கங்களில் அட்டவணை பின்னால்தான் வந்து நிரம்புகிறது. ஃபார்முலா போய்ப் பார்க்கும்போது அங்கே வெறும் சட்டம்தான் இருக்கும்.

வடிகட்டும்போது மாவட்டத்தை நம்பாமல் சந்தையின் பெயரை நம்புங்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ல். அதற்கு முன் நாம் விழுப்புரம் மாவட்டம். 2019-க்கு முந்தைய விலையையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரே சந்தை இரண்டு மாவட்டத்தில் கிடைக்கும். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரையும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், ஆகவே முழுப் பெயரைப் பொருத்தாமல் ஒரு பகுதியை மட்டும் தேடச் சொல்லுங்கள்.

மோடல் விலை என்பது குறைந்ததையும் அதிகத்தையும் கூட்டி வகுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அன்று அதிகச் சரக்கு எந்த விலைக்குப் போனதோ அதுதான் மோடல். நல்ல எள் நாலு மூட்டை உச்ச விலைக்குப் போய், மீதி எல்லாம் கீழே போனால், மோடல் கீழேதான் நிற்கும். அதுதான் நமக்குக் கிடைக்கப்போகிற விலைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அதைவிட முக்கியம் அளவு. இணையத்தில் வருவதெல்லாம் குவிண்டாலுக்கு. கமிட்டியில் நம் ஆட்கள் பேசுவது மூட்டைக்கு. மக்காச்சோளம் 100 கிலோ மூட்டை என்பதால் அதில் தகராறு இல்லை. மணிலா 80 கிலோ. நெல் 75 கிலோ. அரசுக் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் அதே நெல் 40 கிலோ சிப்பம். 2025-26க்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை மக்காச்சோளத்துக்கு 2,400, மணிலாவுக்கு 7,263, சாதா நெல்லுக்கு 2,369, எல்லாம் குவிண்டாலுக்கு. மூட்டைக்கு மாற்றினால் மணிலா 5,810 ரூபாய் 40 காசு, நெல் 1,776 ரூபாய் 75 காசு. "மணிலா 6,500-க்குப் போச்சு" என்று ஒருவர் சந்தோஷப்படும்போது, அவர் மூட்டையைச் சொல்கிறாரா குவிண்டாலைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளாமல் நாம் கூடச் சேர்ந்து சந்தோஷப்படக் கூடாது. மூட்டைக்கு என்றால் ஆதரவு விலைக்கு மேலே, குவிண்டாலுக்கு என்றால் கீழே. மாமா ஷீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் மூட்டை எடையைத் தனிப் பத்தியாக வைத்துவிட்டேன். கரும்புக்கு மட்டும் எதையும் இழுக்க வேண்டியதில்லை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு விலை டன்னுக்கு 3,550 ரூபாய், அதுவும் 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு, 9.5-க்குக் கீழே இறங்கினால் 3,290 ரூபாய் 50 காசு. வருஷத்துக்கு ஒருமுறை கையால் அடித்தால் போதும்.

மாமா மூலமாகத்தான் கல்வராயன் மலையிலிருந்து ஒருத்தர் வந்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். மரவள்ளிக் கிழங்கு போடுகிறவர். மலையில் மரவள்ளிதான் இப்போது பெரிய பணப்பயிர். லோடு கீழே இறங்கி ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போகும். அவர் கையில் இருந்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு.

மரவள்ளிக்கு எந்தக் குறியீடும் கிடையாது. கிழங்கைத் தண்ணீரில் முக்கி எடை போடும் மெஷினில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். விலை பாயிண்டுக்கு. பாயிண்ட் 28 என்று நின்று, பாயிண்ட் விலை 250 என்று பேசியிருந்தால் டன்னுக்கு 7,000 ரூபாய். அதே விலைக்குப் பாயிண்ட் 24 என்று நின்றால் 6,000. மெஷின் ஆலையில் இருக்கிறது, கிழங்கு மலையில் இருக்கிறது. இதில் எந்த எண்ணையும் இணையத்திலிருந்து இழுக்க முடியாது.

பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு விலை உண்டு. சேலத்தில் 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் டெண்டரில் விற்றுத் தருகிறது. அங்கே விலை 90 கிலோ மூட்டைக்கு. ஜவ்வரிசி ஏறும்போது கிழங்கும் ஏறுகிறதா என்று பார்க்கலாமே என்று, ஒரு பத்தியில் ஜவ்வரிசி மூட்டை விலை, அடுத்ததில் பாயிண்ட் விலை, கீழே ஒரு வரைபடம் என்று அவருக்குப் போட்டுக் காட்டினேன். மலையில் சிக்னல் இருக்கிற இடம், இல்லாத இடம் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். அதனால் தானாக வருகிற ஃபார்முலா எதுவும் வைக்கவில்லை. ஆஃப்லைனில் திறக்கும்படி செய்து, விலையை அவர் பையன் போனில் கையால் அடிக்கிற மாதிரி.

அவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு சார். ஆனா வெல எனக்குத் தெரியும். புரோக்கர்கிட்ட கேட்டா சொல்லிடுவாரு. லோடு போன தேதி ஒண்ணு, பணம் வந்த தேதி ஒண்ணு, அது ரெண்டையும் போட்டுக் குடுங்க."

பங்கில் இந்தக் கேள்வியே எழாது. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குக்கும் விற்ற மறு வேலைநாளே பணம் என்றாகிவிட்டது. அவர் நோட்டைப் புரட்டினால், விலை என்று எழுதிய இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் 'பாக்கி' என்று எழுதி அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து வைத்திருந்தார்.

வரைபடத்தை எடுத்துவிட்டேன். லோடு தேதி, ஆலை, டன், கழிவு, பாயிண்ட், பாயிண்ட் விலை, வர வேண்டியது, வந்தது, வந்த தேதி. கடைசியில் ஒரு பத்தி, இரண்டு தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று. பணம் வராத வரிக்கு இன்றைய தேதி வரை எண்ணிக்கொண்டே போகும். அதற்கு 'டுடே' என்ற ஃபார்முலா போதும், சிக்னல்கூட வேண்டாம். 30 தாண்டினால் செல் மஞ்சளாகும், 60 தாண்டினால் சிவப்பாகும். ஆலை வாரியாகச் சராசரி நாளும் ஒரு சின்னப் பட்டியலில் வரும். அடுத்த லோடை எங்கே இறக்குவது என்று பேசும்போது, பையன் அந்தப் பட்டியலைத் திறந்து புரோக்கரிடமே காட்டுகிறானாம்.